கேம்பர் வேனில் ஒரு நல்ல செய்தி

ரிவர்ஸ்டன் மலையில் மழை விடுவதாக இல்லை. வாடகைக்கு எடுத்து வந்த கேம்பர் வேனுக்குள் ஸஹ்னா மறுபடியும் வாந்தி எடுத்தாள்.

"தலையும் சுத்துதா மகள்?" மாமி உம்மு குல்தூம் அவள் முதுகைத் தடவினார்.

"ஆமா மாமி. கண்ணெல்லாம் இருட்டுது."

மாமியின் முகம் மலர்ந்தது. கல்யாண நாளிலிருந்து அவர் கேட்காத துஆ இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ். நிஸ்தார், நீங்க வாப்பாவாகப் போறீங்க."

ஸஹ்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை வருஷக் காத்திருப்பு!

"ஜன்னலைக் கொஞ்சம் திறங்க மாமி."

"வேணாம், அட்டைப்பூச்சி உள்ளுக்கு வந்திரும். இனி உங்களுக்குக் குளிர் படக்கூடாது. ஹீட்டரைக் கூட்டி வைங்க மகன்."

முன்சீட்டில் இருந்த நிஸ்தார் அசையவில்லை. வெட்கப்படுகிறான் என்றுதான் ஸஹ்னா நினைத்தாள். திடீரென்று அவன் குனிந்து, தன் காலடியிலேயே வாந்தி எடுத்தான்.

"எனக்கும் அப்ப இருந்தே இதேதான் உம்மா. நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல்ல."

மாமியின் சிரிப்பு உறைந்தது. அப்போதுதான் ஸஹ்னாவுக்கு உள்ளங்காலுக்குக் கீழே தரை அதிர்வது உறைத்தது. மழையில் நனையக் கூடாதென்று மூவரும் சேர்ந்து வேனுக்கடியில் தள்ளி வைத்த ஜெனரேட்டர், அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

"ஜெனரேட்டர் புகை மாமி! வெளிய போங்க." தட்டுத் தடுமாறிக் கதவை உதைத்துத் திறந்தாள்.

மூவரும் தள்ளிப்போய் ஈரப்புல்லில் விழுந்தார்கள். மழைக்காற்றில் ஸஹ்னாவுக்குத் தலைசுற்றல் மெல்ல விட ஆரம்பித்தது.

அது விட்டுவிடக் கூடாதே என்று, மாமி அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.