குளியலறைக்கு சிமெண்டு போர்டு

“காலி பண்ண வேண்டிய வீட்டுக்கு எவளாவது டைல்ஸ் ஒட்டுவாளா?”

வாசலில் நின்று கத்தினார் கங்காணி கருப்பையா. லயத்து வரிசை வீடுகளிலிருந்து பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டை விட்டுவிட வேண்டும். சசிரேகாவுக்கு இந்த வாரத்தோடு கெடு முடிகிறது. அவளோ கம்போங் ராஜா டவுனிலிருந்து ஆள் வரவழைத்து, குளியலறைத் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள்.

“என் மகனுக்கு இந்த வீட்டைத் துரை கொடுத்தாச்சு. டைல்ஸ் ஒட்டிட்டா இங்கயே உக்காந்துக்கலாம்னு பாக்குறியா?”

“வேலை நடக்குதுண்ணே. அப்புறம் பேசலாம்.”

“துரைகிட்ட போறேன்!”

“போங்க. லோரி வேணுமா, நடந்தே போறீங்களா?”

கூட்டம் சிரித்தது. சசிரேகாவின் வாய் அப்படி. வாசல் நாற்காலியில் நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள் கணவர் லோகேஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை.

டைல்ஸ்காரன் எட்ரியன் உள்ளிருந்து கேட்டான். “அக்கா, போகப் போற வீடுதானே? பிளைவுட் மேலயே ஒட்டிடலாம் லா. அடியில என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறா?”

“நான் பாத்திருக்கேன். பழசு ஒண்ணு மிஞ்சக் கூடாது. புதுப் பலகை அடிச்சு, மேல சிமெண்டு போர்டு போடு. அது தண்ணியில ஊறாதுல்ல?”

“ஊறாது.”

“அப்ப அதான்.”

“இருக்கிற கேட்டுக்கு சிமெண்டு போர்டு கேக்குதாக்கும்!” என்றார் கருப்பையா. துரையிடம் போகிறேன் என்றவர் இன்னும் போகவில்லை.

கடைசி டைல்ஸும், மூலையில் அடித்திருந்த தகரமும் பெயர்ந்தன. அடியில் இருந்த பிளைவுட், தேத்தண்ணியில் நனைத்த ரொட்டி மாதிரி விரலோடு வந்தது. அதற்கும் கீழே, மலைச் சரிவில், ஆள் உயரப் பள்ளம்.

எட்ரியன் பதறிப்போனான். “குளிக்கிற இடத்துல வெறும் பிளைவுட் மேல டைல்ஸ் ஒட்டினவன் எவன் அக்கா? ஆளே உள்ள போயிருப்பாரே!”

“போனாரே.” சசிரேகா தன் கணவரைக் காட்டினாள். “குடிச்சிட்டு விழுந்தான்னு துரைகிட்ட சொல்லி முடிச்சிட்டாங்க. வாயில ஒரு சொட்டு வைக்காத மனுஷன். ஓட்டைக்குத் தகரம் வச்சு இத்தனை வருஷம் குளிச்சோம்.”

“யாரு அப்படிச் சொன்னது?”

“ஒட்டினவர்தான். எங்களுக்கு முன்னால இந்த வீட்ல இருந்தவரு. இதோ நிக்கிறாரே, கங்காணி.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கருப்பையாவின் தலை குனிந்துவிட்டது.

சசிரேகா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“வேலை முடிஞ்சதும் நாங்க கிளம்பிடுவோம். பசை காயற வரைக்கும் உள்ள யாரும் மிதிக்காதீங்க. உங்க மருமக முழுகாம இருக்கா. இவருக்கு வந்தது அவளுக்கு வரக் கூடாது.”