உள்ளே யாருமில்லை

கிணத்துக்கடவு நூல் மில்லில் வருகைப்பதிவும் கதவுப்பூட்டும் ஒரே வெப் அப்ளிகேஷன்தான். அதை ஓட்டும் மென்பொருளான சர்வர் மாட்யூல் காலையிலேயே படுத்துக்கொண்டது. எப்போதும் பழுது பார்க்க வரும் கிருபாவுக்கு வாட்ச்மேன் மாசாணம் சாவி போட்டு சர்வர் அறையைத் திறந்துவிட்டுப் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பகல் முழுக்க மாட்யூலைக் கழற்றிக் கழற்றி ஏற்றினாள். சாயங்காலம்தான் வழிக்கு வந்தது. கிளம்பலாமென்று கதவுப்பூட்டில் கார்டை வைத்தாள். கதவு திறக்கவில்லை.

'கிருபா வெளியேறிவிட்டார். உள்ளே யாருமில்லை' என்றது திரை.

மறுபடி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினாள். திரை அதையேதான் சொன்னது. மாசாணத்துக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க அம்மணி, அதுக்குள்ள ஊடு போய்ச் சேந்துட்டீங்களா?"

"அண்ணா, நான் சர்வர் ரூம்லதாங்க இருக்கேன். வந்து திறந்துவிடுங்க."

அவர் சிரித்தார். "வெளையாடாதீங்க. இப்பத்தான உங்க வண்டிக்கு நானே கேட்டைத் தொறந்துவிட்டேன்."

கிருபா பையைத் துழாவினாள். வண்டிச் சாவி இல்லை.

"ஒண்ணுதானுங்க மனசுக்குச் சங்கடமா இருக்குது" என்றார் மாசாணம். "எப்பவும் 'போயிட்டு வாரேன்'னுதான சொல்லுவீங்க. இன்னைக்கு 'போறேன்'னு சொல்லிப்போட்டுப் போனீங்களே."