ரீச்சர் வாங்கிய மடக்குக் கத்தி

“ரீச்சருக்கு இது போதும்,” என்று கனிசியஸ், சிப்பிப் பிடி போட்ட சின்னக் கத்தியொன்றைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். பழம் சீவுகிற கத்தி. நீளம் ஒரு சுண்டுவிரல்.

தேவகுமாரி அதைத் தொடவில்லை.

“உது வேண்டாம். பலமான மடக்குக் கத்தி ஒண்டு காட்டுங்கோ. கனகாலம் பாவிக்க வேணும்.”

பெரியகடைத் தெருவில் கனிசியஸின் இரும்புக் கடைக்குள் அந்தச் சனிக்கிழமை காலை நின்ற ஆண்கள் மூவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பெண்பிள்ளையொருத்தி தனியே வந்து மடக்குக் கத்தி கேட்டால் திரும்பாமல் இருக்கலாமா?

முதலில் முன்னுக்கு வந்தவர் தியாகராசா. சாவகச்சேரியில் புரக்டர் ஒருவரிடம் தலைமைக் கிளாக்கர். புரக்டருக்குச் சட்டம் தெரியும், கிளாக்கருக்கு அதிலுள்ள ஓட்டைகள் தெரியும் என்று சனம் சொல்லும். கோட்டு, அதன் மேல் சால்வை, நெற்றியில் கோடு பிசகாத திருநீறு.

தேவகுமாரியை அவருக்குத் தெரியும். அரியாலைப் பிள்ளை. சாவகச்சேரியில் மிஷன் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறாள். தகப்பன் இல்லை; தாயும் தம்பிமாரும் இவளுடைய சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். இப்படியொரு பிள்ளைக்கு நல்ல கத்தி தெரிந்து கொடுப்பது தன் கடமை என்று அவருக்குப் பட்டது.

“பிள்ளை, மடக்குக் கத்தியெண்டால் முதல் வில்லைப் பாக்க வேணும். வில் தளர்ந்தால் கத்தி விரலைத்தான் வெட்டும்.”

“வில் கிடக்கட்டும், பிடியைப் பாருங்கோ,” என்று உபதேசியார் செபநாயகம் இடையில் புகுந்தார். “மரப்பிடி மழைக்கு வெடிக்கும். மான்கொம்புதான் நிக்கும்.”

தெருவேலை ஓவசியர் அடைக்கலநாதன் ஒரு கத்தியை எடுத்துச் சாமான் பெட்டியின் பலகையைச் சீவத் தொடங்கினார். கனிசியஸ் பார்த்துக்கொண்டே நின்றார். பெரிய மனுசரிடம் பெட்டியைச் சீவாதே என்று சொல்ல முடியுமா?

பெட்டியிலிருந்த கத்திகள் எல்லாம் வெளியே வந்தன. உபதேசியார் முன்கை மயிரைச் சிரைத்துக் கூர் பார்த்தார். ஓவசியர் பலகையில் பாதியைத் தீர்த்தார். கடைசியில் மிஞ்சியது செபீல்ட் உருக்கில் செய்த, மான்கொம்புப் பிடி போட்ட பாரமான கத்தி. மூவருக்கும் அதில்தான் மனம் ஒத்தது.

திறந்து காட்டுவதற்குத் தியாகராசா வாங்கினார். வில் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பெருவிரல் நகம்தான் உடைந்தது.

தேவகுமாரி அதை வாங்கி, ஒரே இழுவையில் திறந்தாள். ‘டக்’ என்று நின்றது.

“இது நல்லது,” என்றாள். பிறகு, “ஐயா, உங்களிட்டை ஒரு சட்டம் கேக்கலாமோ?” என்றாள்.

“தாராளமாய்க் கேள், பிள்ளை.”

“ஒரு பொட்டுக்குள்ளாலை எங்கடை பக்கம் ஒரு கை வருது. நெடுகலும் வருது. அந்தக் கையிலை கத்தி பட்டால் பிழை ஆரின்ரை?”

தியாகராசாவுக்கு உச்சி குளிர்ந்தது. வேலியில் பொட்டு என்கிற ஓட்டை வைத்துக் கையை விட்டு முருங்கைக்காய் பிடுங்கிய வழக்குகள் எத்தனை பார்த்தவர்! சால்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

“கையின்ரை பிழை! கத்தி தன்ரை இடத்திலை இருந்தது. கையெல்லோ தேடி வந்தது! கோட்டிலை நீதவான் ஒரேயொரு கேள்விதான் கேப்பார்: அந்தக் கைக்கு அங்கை என்ன அலுவல்?”

“அப்பிடிக் கேளுங்கோ!” என்று ஓவசியர் பெட்டியில் தட்டினார்.

“அப்பிடிப்பட்ட கையை வெட்டினால் பாவமும் இல்லை,” என்றார் உபதேசியார்.

தேவகுமாரி கத்தியை மடக்கினாள்.

“பெரிய உபகாரம். நான் சொன்னது வேலிப் பொட்டை இல்லை, ஐயா. காலமை சாவகச்சேரி பஸ்ஸிலை நான் இருக்கிற முன் சீற்றிலை, முதுகுப் பலகைக்குக் கீழை ஒரு இடைவெளி இருக்கு. அந்தப் பொட்டைத்தான் சொன்னனான்.”

அவள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. காசைக் கொடுத்தாள், கத்தியைப் பைக்குள் வைத்தாள், வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.



“கிளாக்கர் ஐயாவுக்கு என்ன காட்ட?” என்று கேட்டார் கனிசியஸ். எதை வாங்க வந்தோம் என்பது தியாகராசாவுக்கு மறந்தே போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் பின் சீற்றில் இருக்கும் தன்னை அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லையே, எப்படித் தெரிந்தது? பஸ் குலுங்கினால் யாருடைய கையும் படத்தானே செய்யும்? தனக்காக எத்தனையோ வாதங்களை எடுத்துப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் தீர்ப்பைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாரே!

திங்கட்கிழமை விடிந்ததும், பஸ் குலுக்கம் இடுப்புக்குக் கூடாதாம், இனிமேல் கோச்சியில்தான் வேலைக்குப் போவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஸ்டேசனுக்கு நடந்தார்.

மேடையில் உபதேசியார் நின்றார். கொஞ்சம் தள்ளி, தூணுக்குப் பின்னால், ஓவசியர்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மூவரும் தண்டவாளத்தைப் பார்த்தார்கள்.

“பஸ்ஸிலை இப்ப பொல்லாத தூசி,” என்றார் உபதேசியார்.

“ஓம், ரோட்டும் சரியில்லை,” என்றார், அந்த ரோட்டைப் போடுவித்த ஓவசியர்.