இடுப்புக்குக் கீழே ஒரு குழி

குழந்தை தலையணைமேல் குப்புறக் கிடந்தான். அவள் தலையைப் பிடித்திருந்தாள். அவள் கணவன் கால்களை.

வலது கால் உதைத்தது. இடது கால் யோசித்தது.

அந்தக் காலைப் பார்த்துவிட்டுத்தான் தடுப்பூசி போட்ட டாக்டர் இங்கே அனுப்பியிருந்தார்.

ஸ்கேன் டாக்டரம்மா முதுகின் அடியில் இருந்த சின்னக் குழியைச் சுற்றி ஜெல் தடவினார். கருவியை வைத்தார். நகர்த்தினார். திரும்ப வைத்தார்.

“பையனுக்கு எத்தன மாசம்?”

“அஞ்சுங்க மேடம்,” என்றாள்.

கருவியை எடுத்துவிட்டார்.

எலும்பு இறுகிவிட்டதாம். உள்ளே சரியாகத் தெரியவில்லையாம். தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டு இழுக்கிறதா என்று பார்க்க இனி மயக்க மருந்து கொடுத்து எம்ஆர்ஐதான். முதல் மூன்று மாதத்தில் வந்திருந்தால் இதிலேயே தெரிந்திருக்கும். பிறந்தபோது யாருமே சொல்லவில்லையா என்று கேட்டார்.

சொன்னார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று. அவள் காரில் ஏறிவிட்டாள், குழந்தை அவன் கையில். டாக்டர் அவனை நிறுத்திக் குழியைக் காட்டினார். மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் என்றார். பொறுப்பாகத் தலையாட்டினான்.

காரில் ஏறியதும் பொறுப்பாக அவளிடமும் சொன்னான். பையன் சார்ஜிங் போர்ட்டோடு வந்திருக்கிறான்.

அவள் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவும் சிரித்தது. அவ்வளவு நன்றாக எடுபட்ட ஜோக்குக்குப் பின்னால் ஸ்கேன் என்று ஒரு வார்த்தையைச் சேர்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான்.

மறுநாள் அவள் கோபிக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். ஒற்றைப்படை மாதத்தில்தான் அழைத்து வர வேண்டும் என்று ஐந்தாம் மாதம் அழைத்து வந்தார்கள். இடையில் தினமும் போனில் பேசினான். வேறு ஜோக்குகள் இருந்தன.

“யாரும் சொல்லலீங்க மேடம்,” என்றாள் அவள்.

அவன் தொண்டையைச் செருமினான்.

அவள் முந்திக்கொண்டாள்.

“எங்கம்மா வீட்டுல நாந்தான தெனமும் தண்ணி ஊத்துனேன். கால நான் பாத்திருக்கோணும்.” அவன் பக்கம் திரும்பினாள். “என்ற தப்புதானுங்க மாமா.”

டாக்டரம்மாவும் அவனைப் பார்த்தார்.

“சரி, விடு,” என்றான்.

குரல் மிகவும் பெருந்தன்மையாக வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றியோடு அவன் கையைப் பற்றினாள்.

அவன் கையை எடுத்துக்கொள்ளவில்லை.