தம்மாமில் மாலை ஐந்து மணி

குலசேகரத்தில் இரண்டு நாளாக விடாத மழை. இருட்டிவிட்ட ஏழரை மணிக்கு, சிக்னல் கிடைக்கும் அடுப்படி மூலையில் ஜெமி கைபேசியும் கையுமாக நிற்கிறாள். திரையில் கணவன் ஜஸ்டஸ். சவூதியின் தம்மாமில் இப்போது ஐந்து மணிதான். ஜூன் மாத வெயில் இன்னும் தாழாத நேரம். "சூடு தாங்க முடியல்ல ஜெமி," என்கிறான். அவள் கண் அவன் முகத்தை விட்டுப் பின்னால் போகிறது. அங்கே ஒரு ஜன்னல் திறந்து கிடக்கிறது. வெளியே கும்மிருட்டு. கம்பிகளில் உருளும் நீர்த்துளிகள் டியூப் லைட் வெளிச்சத்தில் மின்னுகின்றன. மழை இரைச்சல் இந்த வீட்டு ஓட்டிலிருந்து வருவதா, அந்தப் பக்கத்ததா என்று பிரிக்க முடியவில்லை. அவள் பார்ப்பதைக் கண்டு ஜஸ்டஸ் கையைப் பின்னால் நீட்டி ஜன்னலைச் சாத்துகிறான். ஈரக்கையைச் சட்டையில் துடைக்கிறான். "ஏ.சி. தண்ணி ஒழுகுது," என்கிறான், அவள் கேட்காமலே. மகள் அபினா எக்கி எக்கித் திரையைப் பார்க்கிறாள். "அப்பா, எப்ப வருவிய?" "கிறிஸ்மசுக்கு, மக்கா. லீவு கிடைக்கணும்லா." ஜெமி மகளின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொள்கிறாள். "குடை வச்சிருக்கியளா?" என்று அவனைக் கேட்கிறாள். அவனிடம் அசைவில்லை. படம்தான் உறைந்துவிட்டதோ என்று உற்றுப் பார்க்கிறாள். அவன் கண் சிமிட்டுகிறான்.