கோட்டு மேல் நின்ற சந்திரன்

"போன வாரம் மகம்னு சொன்ன மிஷின், இன்னிக்கு ஆயில்யம்னு சொல்றதே! நட்சத்திரம் என்ன புடவையா, வாரத்துக்கு ஒண்ணு மாத்திக்க?"

மந்தைவெளி மாமி, பிள்ளைக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் இரண்டு பிரிண்ட் அவுட்டையும் மேஜையில் போட்டதும் ஜோசியர் ஸ்ரீனிவாசராகவனுக்கு வியர்த்துவிட்டது. மாட வீதியில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டிய ஜோர் இன்னும் அடங்கவில்லை. அதற்குள் இப்படி மானம் போக வேண்டுமா?

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள அடையாறு கம்பெனியிலிருந்து வந்திருந்த ஜானுவிடம் திரும்பினார்.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே?"

"நீங்கதானே மாமா ஆமை மாதிரி ஓடறதுன்னேள்? இது இன்டர்நெட்ல இலவசமா கிடைச்ச புரோகிராம். நாமதான் கம்பைல் பண்ணி, மிஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக்கணும். எழுதினவா, தப்பு கண்டுபிடிக்க வசதியா டீபக் செட்டிங்லயே விட்டிருந்தா. அதனால மெதுவா ஓடித்து. நான் அதை எடுத்துட்டு, வேகமா ஓடற மாதிரி ஆப்டிமைஸ் பண்ணிக் குடுத்தேன்."

"வேகமா ஓடினா நட்சத்திரம் மாறுமோ?"

ஜானு காகிதங்களை எடுத்தாள். பிறந்த தேதியையும் நேரத்தையும் இரண்டு தரம் படித்தாள்.

"செட்டிங் மாறினா தசமத்தை ரவுண்டு பண்றது துளி மாறும். மத்த ஜாதகத்துக்கு ஒண்ணும் ஆகாது. இந்தப் பொண்ணு பொறந்தப்போ சந்திரன் ஆயில்யத்துக்கும் மகத்துக்கும் நடுவுல, கோட்டு மேலயே நிக்கறது. எப்படி வேணா விழலாம்."

ஜோசியர் அவள் பக்கம் குனிந்தார்.

"பழைய செட்டிங்கையே போட்டுடு. மகம்னே வரட்டும். ஒரு பொண்ணோட கல்யாணம்மா!"

"சரி மாமா. கம்பைல் ஆக அஞ்சு நிமிஷம் ஆகும்."

உடனே தட்ட ஆரம்பித்தாள். நல்ல மனசு என்று ஜோசியர் நினைத்துக்கொண்டார்.

மாமியால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது ஜோசியரே! மகம்னா சொல்லுங்கோ, நாளைக்கே பொண்ணு பார்க்கப் போறேன். வேலைக்குப் போறாளாம். நிச்சயம் ஆனதும் விட்டுடச் சொல்லிடுவேன். சம்பாதிச்சுக் கிழிச்சது போறும். என் பிள்ளை என்னைக் கேக்காம தண்ணிகூடக் குடிக்க மாட்டான். வரவளும் அப்படித்தான் இருக்கணும்."

கீபோர்டு சத்தம் நின்றது.

"மாமி, பழைய செட்டிங்தான் தப்பு" என்றாள் ஜானு. "ஆயில்யமேதான். சந்தேகமே வேண்டாம்."

"பெருமாளே, நல்லவேளை தப்பிச்சேன்!" மாமி பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

ஜோசியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஈவிரக்கம் இருக்கா உனக்கு? எங்கேயோ இருக்கற ஒரு பொண்ணுக்கு வந்த நல்ல வரனைக் கெடுத்துட்டியே! அவ உனக்கு என்ன பாவம் பண்ணினா?"

"ஒரு போன் பண்ணிக்கலாமா மாமா?"

பதிலுக்குக் காத்திராமல் ரிசீவரை எடுத்து நம்பரைச் சுழற்றினாள்.

"அப்பா, ஜானு பேசறேன். அந்த மந்தைவெளி இடம் தட்டிப் போயிடுத்து. தரகர் வந்தார்னா, எங்க பொண்ணுக்கு ஆயில்யம்தான்னு தைரியமா சொல்லிடுங்கோ."