பேர் சொல்லிக் கூப்பிட்டால்

"பேர் சொல்லிக் கூப்பிடுறேன், வரமாட்டேங்குதே!"

மேலாளர் போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டடத்துப் புறாக்கள் குடும்பத்தோடு குடிபெயர்ந்தன.

திரை முழுக்க ஊழியர்களின் அட்டைகள். அகர வரிசையில் இருந்தவற்றைப் பதவி வரிசைக்கு மாற்றச் சொன்னவர் மேலாளர்தான். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம், ஒரு பெயர், ஒரு சின்ன சுவிட்ச். அட்டையைச் சொடுக்கினால் நிரல் அதற்குள் இருக்கும் சுவிட்சைக் கண்டுபிடித்து அணைக்க வேண்டும்; அணைந்ததும் அந்த ஊழியருக்குப் பணிநீக்கச் செய்தி பறக்கும். நிரலோ, அப்படி யாரும் இங்கே இல்லையே என்று கையை விரித்தது.

"சுவிட்ச் நேரா திரையில இல்ல சார், அட்டையோட டெம்ப்ளேட்டுக்குள்ள, அதாவது அச்சுக்குள்ள இருக்கு" என்றாள் நிரல் எழுதும் பெண். "ஒரே அச்சுல வார்த்த நூறு அட்டை. எல்லாத்துலயும் அதே பேர்ல ஒரு சுவிட்ச். எந்த அட்டையைத் தொட்டோமோ, அந்த அட்டைகிட்டதான் கேக்கணும்."

"ஏம்மா, தெருமுனையில நின்னு கூப்பிட்டா வீட்டுக்குள்ள இருக்கிறவன் வரமாட்டானா?"

"நூறு வீட்லயும் அதே பேர்ல ஆள் இருந்தா யாரு சார் வருவா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளரின் காது சிவந்தது.

"நகரு! நான் புரோகிராம் எழுதின காலத்துல நீ பொறக்கவே இல்ல."

நாற்காலி முனகியது. பல வருடங்களாக விடுப்பு விண்ணப்பத்தைத் தவிர வேறெதையும் தட்டாத விரல்கள் தாண்டவம் ஆடின. மேலிருந்து துழாவு, முதலில் அகப்படும் சுவிட்சை அமுக்கு என்று எழுதினார். சோதனைப் பட்டியலைத் திறந்து முதல் அட்டையைச் சொடுக்கினார். சுவிட்ச் பணிவாக அணைந்தது.

"பாத்தியா?"

"சார், இப்படி எழுதினா எதைத் தொட்டாலும் முதல்ல இருக்கிறது மட்டும்தான்..."

"போதும்! மூணு மணிக்கு முதலாளியம்மா வர்றாங்க. குறுக்க வாயைத் திறந்தே, உனக்கு இங்க வேலை இல்ல."

வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு முதலாளியம்மா வந்து உட்கார்ந்தார். மேலாளர் மாப்பிள்ளை மிடுக்கோடு திரைக்கு முன்னால் நின்றார்.

"சோதனைப் பட்டியல் எதுக்கு மேடம்? நிஜப் பட்டியலையே திறக்கிறேன். காலையில என்னையே எதிர்த்துப் பேசின ஒரு ஆள் இருக்கு. அதை வெச்சே காட்டுறேன்."

அவளுடைய அட்டையைத் தேடிப்பிடித்து, ரசித்து ரசித்துச் சொடுக்கினார்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

மேலாளரின் சட்டைப் பையில் 'டிங்' என்றது. கைபேசியை எடுத்துப் படித்தார்: 'இன்றுடன் நீங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். இதுநாள்வரை உழைத்ததற்கு நன்றி.'

"மேடம்... இது தப்பு! என் அட்டை முதல்ல இருக்கிறதால..."

முதலாளியம்மா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப நல்லா வேலை செய்யுதும்மா. இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்திடாதே."